கொடுமணலுக்குக் கல் தந்த வாழ்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள சங்ககால ஊரான கொடுமணல், வணிகப் பாதையில் இருந்ததால்தான் வளர்ந்தது என்றே பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. நொய்யலில் தண்ணீர், படியூரில் பெரில் என்ற மணிக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது; இவை அருகருகே கிடைத்ததால்தான் மணி, இரும்புப் பட்டறைகள் அங்கே அமைந்தன. சேர நாட்டுக் கடற்கரைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழிவிட்டது.

மணி செய்யக் கல்லை உடைத்து, செதுக்கி, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். துளையிடுவதுதான் ஆபத்தான கட்டம். கல்லுக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும் பிளந்துவிடும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். பட்டறைகள் அங்கேயே இருந்ததால்தான் அகழாய்வுக் குழிகளில் துளையிடாத மணிகளும் சில்லுகளும் கிடைக்கின்றன. உள்ளூரில் இல்லாத சூதுபவளம் என்ற செந்நிற மணிக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகங்களில் மெருகேறிய மணிகளோடு, அந்தச் சில்லுகளையும் மூலக்கற்களையும் கிடைத்த ஊரின் பெயருடன் வையுங்கள்.

- வாசகர், ஈரோடு