ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வருகிற பங்குனியில் பீலிக்கான் கோயிலுக்குப் போயே தீருவேன் என்கிறாள். உன் தங்கையைப் பார்க்க மோல்மேனிலிருந்து வந்தவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இரவு எட்டு மணி ஆனால் நீ போனை எடுப்பதில்லை. அந்த நேரத்தில்தான் நியூயார்க் பங்குச் சந்தை திறக்கிறது என்று மேல்மாடிப் பையன் சொன்னான். சிங்கப்பூரில் அப்போது ஒன்பதரை. விடியற்காலை நான்கு மணிவரை விழித்திருந்துவிட்டு எப்படி வேலைக்குப் போகிறாய்? சாப்பிடுகிறாயா?

நீ முன்பு அனுப்பிய கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சில மாதங்களாக ஏறிய பங்கு அடுத்த சில மாதங்களும் ஏறப் பார்க்கும் என்று ஜெகதீஷ், டிட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993இல் எழுதினார்களாம். நம்புகிறேன். பயின்னவுங் சந்தையில் பருப்புத் தரகு பார்த்தவனுக்கு இது புதிதில்லை. உளுந்து ஏற ஏற வாங்கிக் கிட்டங்கியை நிரப்பினார்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்தான் இறக்குமதி என்று வரம்பு வைத்தது. விலை சரிந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு மொகிங்கா சாப்பிடப் போனவர்கள் உண்டு. டெல்லி மனம் மாறும் என்று மூட்டையில் வண்டு விழும்வரை காத்திருந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சேதி, ஒரே சரக்கு. பெரியப்பா எந்த வகை என்பது உனக்குத் தெரியும்.

கணக்கில் உன்னை மிஞ்ச நம் குடும்பத்தில் ஆளில்லை. நான் அதை ஊரெல்லாம் சொல்வதாக அம்மா கேலி செய்வாள். ஆனால் கேரம் ஆட்டத்தில் தோற்றால் எதிராளியை எழுந்து போக விடமாட்டாய். ஜெயிக்கும்வரை இன்னொரு ஆட்டம். ஏறும் பங்கின் பின்னால் ஓடும் தொழிலுக்கு இந்தக் குணம் ஆகாது. விலை திரும்பியதும், சிறு நட்டத்தைக் கடை வாடகைபோல் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவனுக்குத்தான் அது சரிப்படும். உனக்கோ நட்டம் என்றால் அவமானம். அதைத் துடைக்க இரட்டிப்பாக வாங்குவாய். நட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு லாபத்தை மட்டும் அவசரமாக விற்பாய். இந்தப் புத்திக்கு வேறு அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1985இலேயே பெயர் வைத்துவிட்டார்களாம்!

வாங்கும் முன்னரே எந்த விலையில் வெளியேறுவாய் என்று தாளில் எழுது. சந்தை திறந்த பிறகு அதை மாற்றாதே. கடன் வாங்கிப் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எழுதிய விலையை மாற்றாதே.

தங்கை கல்யாணத்துக்காக உன் கணக்கில் போட்டுவைத்த பணத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மோல்மேன்காரர்கள் சரி என்றால் தை பிறந்ததும் தேதி பார்க்க வேண்டும், அதனால் சொல்கிறேன். குறைந்திருந்தாலும் உள்ள தொகையைச் சொல். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தையும் விடுமுறைதானாமே. மாலையில் போன் செய்.

அன்புடன்,
அப்பா