எதிர்வீட்டுக்குச் சுற்றிப் போன கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இப்போது தேவலையா? போன வாரம் ஒருவழியாகக் கொழுக்குமலைக்குப் போய் வந்துவிட்டேன்.

போடியில் எங்கள் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அதே மலைத்தொடர்தான். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். எதிர்வீட்டுக்குப் போக ஊரையே சுற்றுகிற கதை.

விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். அதைப் பாதை என்று சொன்னால் பாவம். வற்றிப்போன ஓடை மாதிரி தலை தலையாகக் கல். கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை கன்றிவிட்டது. நானும் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன்தானே என்ற மிதப்பு முதல் ஏற்றத்திலேயே இறங்கிவிட்டது. திரும்பும்போது டிரைவர் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரேக்கில் கால் படவே இல்லை. கேட்டதற்கு, "மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடேறி பிடிக்காம போயிரும் சார். நாலு சக்கரமும் இழுக்குற மாதிரி போர் வீல் போட்டு பஸ்ட் கியர்ல விட்டா இன்ஜினே இழுத்துப் பிடிச்சுக்கும்" என்றான். ஓரிடத்தில் இறங்கிப் போய், ஒரு கல்லைக் காலால் நெம்பிப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்து ஓட்டினான்.

சூரியோதயத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அதைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்துப் போடுகிறார்களே. எனக்குப் போடி தெரிய வேண்டும், அவ்வளவுதான். கீழே முழுக்க மேகம். எட்டு மணி வாக்கில் ஓரிடத்தில் மட்டும் கிழிந்தது. பழுப்பாகக் கொஞ்சம் நிலம், ஏதோ ஒரு கண்மாய் பளபளத்தது. நம் ஊர்க் கண்மாய்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குள் மூடிவிட்டது.

அப்புறம் தேயிலை பேக்டரி. பழைய காலத்து மெஷின், மரத் தளம், வாடவைத்த கொழுந்தின் வாசனை. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டுமாம். உனக்குக் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து அடிவாரத்துக் குரங்கணிக்கு நடந்தே இறங்கிவிடலாம் என்று கால் பரபரத்தது. ஆனால் 2018 மார்ச்சில் அந்தச் சரிவில்தான் மலையேறப் போன அத்தனை பேர் காட்டுத்தீயில் செத்துப்போனார்கள். அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது, வைக்கவும் மனசில்லை. இப்போது வனத்துறையே குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்கு வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது, இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அதனால் ஜனவரிக்குள் போய்விட வேண்டும்.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேதி எழுது. அந்தப் பழைய கேன்வாஸ் ஷூவோடு மட்டும் வந்து நிற்காதே.

அன்புடன்,
ராமு