பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள்

சூடானுக்கு நிதி தரும் அரசுகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பணம் கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு தெரு அடுப்பு. தலைநகர் கார்ட்டூமிலோ பக்கத்து ஓம்துர்மானிலோ ஒரு சந்துக்குள் பெரிய அண்டாவில் பருப்பு வேகிறது. பக்கத்தில் சோளக் களி. பாத்திரத்தோடு பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அதே தெருக்காரர். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் துணைப்படைக்கும் சண்டை மூண்டதும் வெளிநாட்டு ஊழியர்களை விமானமும் கப்பலும் ஏற்றிச் சென்றன. அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் இயங்கும் இந்தத் தன்னார்வலர்களில் பலர் பழைய எதிர்ப்புக் குழுக்காரர்கள். 2019இல் ஒமர் அல்-பஷீரின் ஆட்சியைச் சாய்த்த போராட்டத்தைத் தெருத்தெருவாகக் கட்டி எழுப்பியவர்கள். 2021 அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் வீதிக்கு வந்தார்கள். இப்போது கையில் இருப்பது கரண்டிதான், ஆனாலும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எதையும் மறக்கவில்லை. ஆர்எஸ்எஃப் பகுதியில் சமைத்தவரை ராணுவத் தரப்பு எதிரியின் ஆள் என்கிறது. அதே ஆளை ஆர்எஸ்எஃப் ராணுவத்தின் உளவாளி என்கிறது. இரு தரப்பும் இவர்களைப் பிடித்து அடைத்திருக்கின்றன. கொல்லப்பட்டவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமை மீட்டபோது, ‘ஒத்துழைத்தவர்’ என்ற பழி அடுப்படி வரை வந்தது.

இந்த நிலையில்தான் உங்களில் பலர் சாப்பிட்டவர்களின் பெயர், முகவரி, கையெழுத்து, அண்டாவோடு நிற்கும் படம் எல்லாம் கேட்கிறீர்கள். சோதனைச் சாவடியில் முதலில் பிடுங்கப்படுவது கைபேசி. பங்கக் என்ற வங்கிச் செயலியில் பணம் வந்த கணக்கும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலும் அதில் அப்படியே இருக்கும். அதைத் திறந்து பார்க்கும் சிப்பாய்க்கு அது முழுத் தெருவின் பெயர்ப் பட்டியல்.

கணக்கு வேண்டும், சரி. எத்தனை மூட்டை பருப்பு, எத்தனை வேளை சாப்பாடு என்று கேளுங்கள். முகம் தெரியாத படம் போதும். பெயர் இருந்தே ஆக வேண்டுமென்றால் அது நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். எதை எழுதி வைப்பது, எதை எழுதாமல் விடுவது என்பதை அந்தத் தெருக்காரர்களே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, எந்தத் தெருவில் எந்தப் படை நிற்கிறது என்று இவர்களிடம் விசாரிக்கவே கூடாது. பதில் சொன்ன நொடியில் சமையற்காரர் உளவாளியாகிவிடுவார், அப்புறம் எந்தச் சட்டத்தைக் காட்டியும் அவரை மீட்க முடியாது.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்ந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை, பொதுமக்கள் தாமாகவே முன்வந்து காயம்பட்டவர்களை எடுத்துப் பராமரிக்கலாம் என்கிறது. சூடானும் அதை ஏற்ற நாடுதான். நீங்கள் இரு தரப்போடும் பேசுகிறீர்கள். அந்த மேசையில் பிடிபட்ட தன்னார்வலர்களின் பேச்சை எடுங்கள். அவர்கள் குடும்பம் சம்மதித்தால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடின. அதே ஆண்டு இவர்களுக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது, மனசார மகிழ்ந்தேன். விருதோடு நிற்காமல், தலைமறைவாக ஓட வேண்டி வந்தால் வழிச்செலவுக்கு, அடிபட்டால் மருத்துவத்துக்கு, செத்துப்போனால் வீட்டாருக்கு என்று ஒவ்வொரு நிதியிலும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அடுத்த ஒப்பந்தப் படிவத்தில், ‘பயனாளியின் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

நன்றி.