கேள்வி கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சேலத்து நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆறு மாதம், மாதம் ஒரு ஞாயிறு. ஓவியர், புகைப்படக்காரர், கட்டடக் கலைஞர் என்று ஒவ்வொருவராக அழைத்து அவரவர் வேலையைப் பற்றிப் பேசவைத்தோம். போன ஞாயிறு ஏற்காட்டில் கடைசி அமர்வும் முடிந்தது. வந்து பேசியவர்களுக்கு அங்கேயே கைத்தறித் துண்டு போர்த்தி நன்றி சொல்லியாகிவிட்டது. இந்த மடல் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

முதல் அமர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பேசிவைத்திருந்த மண்டபத்தில் கைவிரித்துவிட்டார்கள். கல்யாணம் வந்துவிட்டதாம். கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை, போகட்டும். அன்று ராத்திரி அம்மாபேட்டைத் தறிக்கார அண்ணன் ஒருவர், "நம்ம கூடத்துல மூணு தறி சும்மாதானுங்க நிக்குது, ஓரமா பாய் விரிச்சுக்கலாம்" என்றார். தறி சும்மா நிற்பது நல்ல சேதி இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்கப்புறம் ஐந்து அமர்வும் அந்தக் கூடத்தில்தான் நடந்தன. வாடகை என்று ஒரு பைசா வாங்கவில்லை. அண்ணா, உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லையாவது எங்களைக் கட்டவிடுங்கள்.

அந்த வீட்டு அக்காதான் முதல் கேள்வியைக் கேட்டவர். சென்னையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், மறைந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேனா மையால் இழுத்த கோட்டை அழிக்க முடியாது, அதனால் கைக்கு ஒரு துணிச்சல் வரும் என்றார். அக்கா அடுப்படி வாசலில் நின்றபடியே கேட்டார்: "எங்களுக்குத் தறியில மாட்டுற டிசைன் அட்டையில ஒரு ஓட்டை தப்பாக் குத்திட்டா, சேலை முழுக்க அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருமுங்க. உங்களுக்கு ஒரு தடவை வந்தாப் போச்சு. அப்புறம் எதுக்குப் பயம்?" ஓவியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் படங்களில் இருபது வருஷமாக ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆரம்பித்து, கைகளை வரையும்போது எப்படி நழுவிப்போகிறார் என்பதைச் சொன்னார். எழுதிவைத்துக்கொண்டு வந்த உரையில் அது இல்லை. நான் தயாரித்திருந்த பதினோரு கேள்விகளிலும் இல்லை. என் முதல் கேள்வி, "உங்கள் கலையின் தேடல் என்ன?" இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

புகைப்படக்காரர் வந்த அன்று மின்சாரம் போய்விட்டது. புரொஜெக்டர் இல்லாததால், வெள்ளைக்கல் சுரங்கங்களில் எடுத்த படங்களைக் கையில் கொடுத்துச் சுற்றவிட்டார். வெயில் அடிக்கும் வெள்ளைக்கல் (மேக்னசைட்) குன்றைக் கேமராவின் வெளிச்ச மீட்டர் சாம்பலாக்கிவிடும், அதனால் அது காட்டியதைவிட வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்தேன் என்றார். செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஜன்னலோரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீட்டர் பேச்சைக் கேட்டா வெள்ளைச்சேலை கட்டுன பாட்டி அழுக்குச்சேலை கட்டுன மாதிரி வருவாங்க தம்பி. நாங்களும் கூட்டித்தான் வைப்போம்" என்றார். அடுத்த மாதம் நெகட்டிவைத் திருத்தும் தன் ரீடச்சிங் மேசையையே தூக்கிக்கொண்டு வந்தார். நெகட்டிவில் வெளிறித் தெரிகிற முகச் சுருக்கக் கோட்டில் பென்சிலால் மெல்லக் கருமை ஏற்றினால், பிரிண்டில் அந்தச் சுருக்கம் மறையும். பின்னால் வெளிச்சம் வைத்துச் செய்துகாட்டினார். சின்ன வயதில் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் நடிகர்களைப் பார்க்கக் காத்துக் கிடந்தவராம். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவுக்கு இன்று ஏற்காடு சாலையில் ஒரு வளைவு மட்டும் மிச்சம். ஐயா, கடைசி அமர்வுக்குப் போகும்போதும் வேனை ஓரங்கட்டச் சொல்லி அதைப் பார்த்தீர்கள். என்ன நினைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

டீயும் தட்டுவடை செட்டும் கொடுத்த கடைக்காரம்மாவுக்கு நன்றி. பீட்ரூட் துருவல் படிந்த விரலோடு யாரும் படத்தைத் தொடக்கூடாது என்று அவரே சட்டம் போட்டுக் காவலும் காத்தார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் யாரும் வாந்தி எடுக்காமல் ஓட்டிய வேன் டிரைவர் தம்பிக்கும் நன்றி. காப்பி காயவைக்கும் களத்தை எங்களுக்காகக் கூட்டிவைத்த தோட்டத்துக் காவல்காரருக்கும். நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி, பேசுகிறவர் முகமே தெரியாமல் போனது. குரலை வைத்துத்தான் கேட்டோம்.

ஓமலூர் மேஸ்திரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செலவு குறைந்த வீடுகளுக்குப் பேர்போன லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற செங்கல் சுவர் முறையைப் பற்றிக் கட்டடக் கலைஞர் விளக்கினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, 9 அங்குலச் சுவருக்கு நடுவே ஏறக்குறைய 3 அங்குல வெற்றிடம் விடுவது. செங்கல்லில் கால்பங்கு மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் வெக்கையும் குறையும். பேர் கேட்டு எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வயர், பைப்புக்கு எங்க வெட்டுவீங்க? வெட்டுனா ஓட்டை விழுந்துருமே? நாட்டுச் சூளைக் கல்லு ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காதே, நிக்குமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள் என்று கட்டடக் கலைஞர் ஒத்துக்கொண்டார். குழாய் போகும் இடத்தை முதலிலேயே முடிவுசெய்து, கட்டும்போதே வெற்றிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கல் ஒரே அளவில் கிடைக்காவிட்டால் அந்த ஊரில் இந்தக் கட்டே வேண்டாம். ஒரு மணி நேரம் இருவரும் தரையில் சாக்கட்டியால் வரைந்து வாதாடினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஆறு அமர்விலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

போன வாரம் மேஸ்திரி போன் செய்தார். தன் வீட்டுக் கொல்லைச் சுவரை நாலு வரிசை அப்படிக் கட்டிப் பார்த்தாராம். கலவை வழிந்து நடுக்குழிக்குள் விழுகிறது, வெற்றிடத்தின் அகலத்துக்கு ஒரு பலகையைச் சீவி மேலே வைத்துக்கொண்டு கலவை போட்டால் விழவில்லை, இதை அந்த சாருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். "நாங்களும் அப்படித்தான் செய்கிறோம், அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்" என்று பதில் வந்தது. அதை மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை.

நன்றியுடன்,
பாய் விரித்தவர்களில் ஒருவன்
அம்மாபேட்டை, சேலம்