தரம் குறைந்தும் கோப்பு குறையாதது ஏன்?

அன்புள்ள தம்பிக்கு,

1000 நிரை, 800 நிரல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைத் தரம் (rank, படத்தைக் கட்டும் அடுக்குகளின் எண்ணிக்கை) 60-க்குக் குறைத்துச் சேமித்தால் கோப்பு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கணக்கு சரிதான். பைட்டைத்தான் நீ எண்ணவில்லை.

படத்தில் 8 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றும் 1 பைட். சிங்குலர் மதிப்புப் பிரிப்பு (SVD) படத்தை அடுக்கடுக்கான உறுப்புகளாகப் பிரிக்கிறது; ஒவ்வொரு உறுப்புக்கும் 1000 எண் கொண்ட இடப்பக்க நிரல் ஒன்று, 800 எண் கொண்ட வலப்பக்க நிரல் ஒன்று, அதன் பலத்தைச் சொல்லும் சிங்குலர் மதிப்பு ஒன்று. 60 உறுப்புகளை வைத்துக்கொண்டால் 60 × (1000 + 800 + 1) = 1,08,060 எண்கள். ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நம்பை (NumPy, பைத்தான் கணக்கு நூலகம்) ஒவ்வொன்றையும் 64 பிட் எண்ணாகத் தருகிறது. ஆக 8,64,480 பைட்!

16 பிட்டுக்கு மாற்றினால் 2,16,120 பைட்தான். அவசரப்பட்டு அப்படியே மாற்றிவிடாதே. சராசரி ஒளிர்வு 128 என்றால் முதல் சிங்குலர் மதிப்பு குறைந்தபட்சம் 128 × √8,00,000, சுமார் 1,14,500. 16 பிட் மிதவை எண்ணின் (float, தசம எண் வகை) உச்சம் 65,504. முதல் மதிப்பே முடிவிலியாகிவிடும், படம் போச்சு. ஒவ்வொரு மதிப்பின் வர்க்கமூலத்தையும் இடப்பக்க நிரலில் ஒரு முறை, வலப்பக்க நிரலில் ஒரு முறை பெருக்கிவிட்டு அப்புறம் மாற்று. தனியாக மதிப்புகளைச் சேமிக்கவும் வேண்டாம்.

வெளிச்சமான இடத்தில் கரும்புள்ளிகள் வருகின்றன என்றாயே, அது வேறு கதை. திரும்பக் கட்டும்போது 258, −3 போன்ற எண்கள் வரும். 8 பிட்டுக்குள் திணித்தால் 258 பெரும்பாலும் 2 ஆகிவிடும். முழு எண்ணாக்கி, 0 முதல் 255-க்குள் வெட்டிய பிறகே மாற்ற வேண்டும்.

மதிப்புகளின் வர்க்கக் கூட்டுத்தொகையில் "99 சதவீதம் பிடித்துவிட்டேன்" என்கிறாயே, அதை அவ்வளவு நம்பாதே. எக்கார்ட்டும் யங்கும் 1936-இல் நிறுவியது உண்மை: தரம் 60-க்கு மேற்படாத எந்த அணியும் (matrix, எண் அட்டவணை) இதைவிடக் குறைந்த வர்க்கப் பிழை தராது, விட்டுவிட்ட மதிப்புகளின் வர்க்கக் கூட்டுத்தொகையே அந்தப் பிழை. ஆனால் அந்த 99-இல் பெரும்பகுதி சராசரி ஒளிர்வு மட்டுமே. சராசரியைக் கழித்துவிட்டு விகிதத்தைப் பார், படத்திலுள்ள முகம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தெரியும். (படச் சுருக்கத்துக்கு ஜேபெக் (JPEG) முறையே மேல். இது பழகிப்பார்க்கத்தான்.)

அடுத்து திரைப்பட மதிப்பீட்டு அணிக்குப் போகப்போகிறாய். 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் போட்டிக்குத் தந்த தரவில் 4,80,189 பயனர்கள், 17,770 படங்கள். நிரம்பிய கட்டங்கள் 1.2 சதவீதம்தான். வெற்றுக் கட்டங்களில் 0 போட்டுப் பிரித்தால் "பார்க்கவில்லை" என்பது "பிடிக்கவில்லை" என்றாகிவிடும். அங்கே மேற்சொன்ன தேற்றம் உதவாது. நிரம்பிய கட்டங்களின் பிழையை மட்டும் கூட்டி, ஒரு பக்கத்தை (பயனர்களின் எண்களை) நிலையாக வைத்து மறுபக்கத்தை (படங்களின் எண்களை) மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி, தீர். பிறகு மாற்றிச் செய். எண்கள் பெரிதானால் பிழையைக் கூட்டும் தண்டனை உறுப்பும் சிறிதளவு சேர், இல்லாவிட்டால் இரண்டே படம் பார்த்தவருக்கு எண்கள் தறிகெட்டுப் போகும்.

அன்புடன்,
அண்ணன்