அப்பாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. கொழும்பில் சிகிச்சை பெற்ற நாட்களிலும், அப்புறம் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோதும் கூட நின்றவர்களின் வீடுகளுக்கெல்லாம் நேரில் வர முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி கொழும்புப் புறக்கோட்டை வியாபாரிகளுக்கு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியோடு தென்மராட்சிப் பகுதியே இடம்பெயர்ந்தது. அப்பாவின் பலசரக்குக் கடையில் சுவர்கூட மிஞ்சவில்லை. 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் வெறுங்கையோடு வந்தவருக்கு, நான்காம் குறுக்குத் தெருவில் சீனியும் பருப்பும் கடனுக்கு ஏற்றிவிட்டீர்கள். ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை. "வித்துப்போட்டுத் தாங்கோ" என்றீர்களாம். நாங்கள் படித்து ஆளானது அந்தச் சாமானில்தான்.

2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்றபோது அப்பா விலையை ஏற்றவில்லை. இருந்ததைக் குடும்பத்துக்கு இவ்வளவென்று நிறுத்துக் கொடுத்தார். 2018 பெப்ரவரியில் வட்டார முறையில் தேர்தல் வந்தபோது, மேடையே ஏறாத மனிதரை ஊர் பிடித்து நிறுத்தியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நகரசபைக்குப் போன பிறகும் கடைக் கொப்பிதான். முன்பக்கத்திலிருந்து கடன் கணக்கு, பின்பக்கத்திலிருந்து ஊர் அலுவல்: எரியாத தெருவிளக்கு, அடைபட்ட வாய்க்கால், சொன்னவரின் பெயர். முடிந்ததைச் சிவப்புப் பேனையால் வெட்டுவார். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போன பிறகும் ஆட்கள் கடைக்கே வந்து சொன்னார்கள். அவரும் எழுதிக்கொண்டே இருந்தார். மகரகம வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தும் ஒரு மதகு வேலை என்னாயிற்று என்று ஊருக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

அவரை "ஐயா" என்றே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்ட சிங்களத் தாதியருக்கும், இரத்தம் கொடுத்த வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்ற, மூட்டை தூக்கும் நாட்டாமி அண்ணாமாருக்கும் நன்றி. சபையில் அப்பாவோடு கடுமையாக மோதிய மாற்றுக் கட்சி உறுப்பினர்கள் பாடையைத் தோளில் சுமந்ததை எங்கள் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறா.

கொப்பியில் வெட்டப்படாமல் கிடந்தவற்றைப் பிரதி எடுத்து, இப்போதைய வட்டார உறுப்பினரிடம் கொடுத்துவிட்டோம். பொறுமையாக வாசித்து வாங்கிக்கொண்டார், அவருக்கும் நன்றி. வியாபாரத்தில் அப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் தயங்காமல் கடைக்கோ வெள்ளவத்தை வீட்டுக்கோ சொல்லி அனுப்புங்கள். தீர்த்துவிடுகிறோம்.

குடும்பத்தினர் சார்பில்,
மகள்
வெள்ளவத்தை, கொழும்பு