தவக்கால வகுப்பில் ஒரு வாக்குவாதம்

யாழ்ப்பாணம்

அன்பின் அமலன்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே வெயில் கொளுத்துகிறது.

பங்கில் வளர்ந்தோர் மறைக்கல்வி வகுப்பை இவ்வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். தவக்காலம் என்பதால் யேசுவின் பாடுகளையும் மரணத்தையும் சொல்லும் திருப்பாடுகளை எடுத்தோம். "யேசுவைக் கொன்ற கூட்டந்தானே யூதர்" என்றார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எவரும் முகம் சுழிக்கவில்லை. இத்தனைக்கும் யூதர் ஒருவரை நேரில் கண்டவர் அங்கே இல்லை. எல்லாம் தவக்கால ஒப்பாரியிலும், பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கு நாடகத்திலும் கேட்டதுதான்.

சிலுவை உரோமையரின் தண்டனை, தீர்ப்பிட்டவன் உரோமை ஆளுநன் பிலாத்து, யேசுவும் மரியாளும் பன்னிருவரும் யூதர் என்றேன். 1965 ஒக்டோபர் 28 இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டையும் காட்டினேன்: பாடுகளின் பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும் சுமத்தக் கூடாது, இன்றுள்ளவர்மேலும் கூடாது. அதற்கு வழிதிறந்தவர்களில் ஒருவர் ஜூல் இசாக். பிரான்சில் பள்ளி வரலாற்று நூல்கள் எழுதியவர். மனைவியையும் மகளையும் நாசிகளிடம் பறிகொடுத்தவர். 1960 இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், பாப்பரசர் 23ஆம் யோவானைச் சந்தித்து, மறைக்கல்வியில் ஊறிய இந்த இகழ்ச்சியைக் களையும்படி கேட்டார்.

தலையாட்டினார்கள், மனம் அசையவில்லை. 1983 இல் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் இறந்ததற்குக் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழன் ஏன் எரிந்தான் என்று கேட்டேன். உடனே ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். 1990 ஒக்டோபரில் எங்கள் பெயரால் புலிகள் இங்கிருந்து முஸ்லிம்களை விரட்டியதை எடுத்ததும் சத்தம் அடங்கியது. "அதுவும் இதுவும் ஒன்றா?" என்று ஓர் அம்மா மட்டும் கேட்டார். சிலர் செய்ததற்கு எல்லோரையும் கடன்காரராக்கும் கணக்கைத்தான் சொல்கிறேன் என்றேன்.

ஆசிரியர் விடவில்லை, காசாவைக் காட்டினார். அங்கே சாகும் பிள்ளைகளுக்காக இஸ்ரேல் அரசைக் கண்டியுங்கள், நானும் சேர்கிறேன். அதற்கு யேசு அறையுண்ட கல்வாரியை ஏன் துணைக்கு இழுக்கிறீர்கள் என்றேன். பதிலும் இல்லை, சம்மதமும் இல்லை. கெட்டிக்கார மனிதர், அடுத்த கிழமை புத்தகங்களோடு வருவார்.

இப்போது பெரிய வெள்ளி நாடகத்தின் கூட்டக் காட்சியில் சிக்கல். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்று யூதக் கூட்டம் கத்தும் வரியை விட்டுவிடலாம் என்கிறேன். மத்தேயு நற்செய்தியில் எழுதியதை வெட்ட நீர் யார் என்கிறார் நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. நீ தலைமைக் குரு கயபாவாக நடித்தவன். அந்தக் காட்சியை எப்படி ஆடலாம் என்று பெரிய வெள்ளிக்கு முன் எழுது.

அன்புடன்,
சேவியர்